சக்கரம் பூண்ட வீடு

'சொல்லிக் கொடுத்த சொல்லும் கட்டிக் கொடுத்த சோறும் எத்தனை நாளைக்கு?' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. சொந்த அறிவின் அருமையை உணர்த்த எழுந்த பழமொழி இது. ஆயினும், பயணத்தைப் பற்றிய ஓர் உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது. கட்டுச்சோறு ஒரு வேளைக்கோ இரு வேளைக்கோ தாங்கும். அதற்கும் அப்பால் போக வேண்டுமானால் அடுப்பையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். அடுப்பு வந்தால் பாத்திரம் வரும். பாத்திரம் வந்தால் தண்ணீர் வரும். இருட்டிவிட்டால் படுக்கை வேண்டும். மழை பெய்தால் கூரை வேண்டும். இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால், முடிவில் வீடே வண்டியில் ஏறிவிடுகிறது.

இன்று கேம்பர்வேன் என்று வழங்கப்பெறும் வீட்டு வண்டி இவ்வாறு உருவானதே. அத்தகைய வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, மனைவி மக்களோடு முதற்பயணம் புறப்படும் ஒருவர், எதை ஏற்றுவது, எதை விடுவது என்று திகைத்து நிற்பார். இக்கேள்வி சிறிதுதான், ஆனால் இதற்குப் பின்னே ஒரு நெடிய வரலாறு இருக்கிறது. மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றைச் சிறிது நேரம் உங்களோடு சேர்ந்து நோக்க விரும்புகிறேன்.

1885ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தில் ட்வைஃபர்ட் என்னும் சிற்றூரிலிருந்து ஒரு விந்தையான வண்டி புறப்பட்டது. அதற்கு உரியவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராகப் பணியாற்றியவர், சிறுவர்களுக்குச் சாகசக் கதைகள் பல எழுதியவர். கடலில் கப்பலேறித் திரிந்தவருக்குத் தரையிலும் ஒரு கப்பல் வேண்டும் என்ற ஆசை பிறந்தது. பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் தமக்கென ஒரு வீட்டு வண்டியைச் செய்வித்து, அதற்கு 'வாண்டரர்', அதாவது 'திரிபவன்', என்று பெயரிட்டார். அவ்வண்டியில் பகலில் இருக்கையாகவும் இரவில் படுக்கையாகவும் உதவும் சோபா இருந்தது. புத்தக அலமாரி இருந்தது. சமைப்பதற்கு எண்ணெய் அடுப்பும் இருந்தது. ஒரு பணியாளர் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னே சென்று, எதிரே வருவோரை எச்சரிப்பார். வண்டிக்குரிய பரிவாரத்தில் ஒரு பெரிய நாயும் உண்டு. இவ்வாறு அவர் ஸ்காட்லாந்தின் வடபகுதியில் உள்ள இன்வெர்னஸ் நகர்வரை, ஏறத்தாழ 1,300 மைல் தொலைவு பயணம் செய்தார்.

இன்பத்துக்காகவே செய்யப்பெற்ற முதல் வீட்டு வண்டி இது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். இன்றும் அவ்வண்டி பாதுகாக்கப்பட்டு வருகிறது. ஆனால் அதன் எடையைக் கவனியுங்கள். ஏறத்தாழ இரண்டு டன்! இழுப்பவையோ இரண்டு குதிரைகள். மேடு வரும்போதெல்லாம் குதிரைகள் பட்ட பாட்டை எண்ணிப் பார்த்தால், அழகிய மரவேலைப்பாட்டின் மறுபக்கம் நமக்குப் புலனாகும். பணமும் பணியாட்களும் ஓய்வும் ஒருங்கே வாய்த்த ஒருவருக்கே அத்தகைய பயணம் இயன்றது.

இங்கே மற்றொன்றையும் மறவாதிருத்தல் வேண்டும். ஸ்டேபிள்ஸ் வீட்டு வண்டியைக் கண்டுபிடித்தவர் அல்லர். பிறரால் ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்கள், அவருக்குப் பல ஆண்டுகள் முன்னரே அடுப்பும் படுக்கையும் அமைந்த வண்டிகளில் குடும்பத்தோடு வாழ்ந்துவந்தனர். அவர் தம்மைக் கனவான் ஜிப்சி என்று பெருமையோடு கூறிக்கொண்டார். அவருக்கு அது விளையாட்டு. அவர்களுக்கு அதுவே வாழ்க்கை. ஊர்தோறும் அவருக்குக் கிடைத்தது வரவேற்பு. அவர்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் விரட்டுதல். ஒரே வகை வண்டி, ஏறியிருப்பவர் யார் என்பதைப் பொறுத்து இருவேறு மதிப்புப் பெற்றது.

இனி, இங்கிலாந்தை விட்டு நாம் ஜெர்மனிக்குச் செல்வோம். செல்வரின் பொழுதுபோக்காக இருந்த வீட்டு வண்டி உழைக்கும் குடும்பத்தின் கைக்கு எட்டிய கதையை அங்கேதான் தெளிவாகக் காண முடியும். ஆனால் அக்கதை ஒரு பெரிய ஏமாற்றத்தில் தொடங்குகிறது.

1933ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், 'மகிழ்ச்சியால் வலிமை' என்று பொருள்படும் பெயரோடு ஓர் அமைப்பு தோற்றுவிக்கப்பட்டது. தொழிலாளரின் ஓய்வு நேரத்தையும் விடுமுறையையும் அரசே நடத்துவது அதன் நோக்கம். 1938இல் அவ்வமைப்பு ஒரு சேமிப்புத் திட்டத்தை அறிவித்தது. வாரந்தோறும் குறைந்தது 5 மார்க் செலுத்தி, அதற்குரிய முத்திரையை ஓர் அட்டையில் ஒட்டிவர வேண்டும். 990 மார்க் விலையுள்ள மோட்டார் வண்டி ஒன்று கிடைக்கும். காப்பீடு முதலிய செலவுகள் நீங்கலாகக் கணக்கிட்டாலும் 198 வாரங்கள். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். மனைவி மக்களோடு ஞாயிற்றுக்கிழமை வெளியூர் செல்லும் கனவில் ஏறக்குறைய 336,000 பேர் இத்திட்டத்தில் சேர்ந்தனர்.

அவர்களுள் ஒருவருக்கேனும் அத்திட்டத்தின்படி வண்டி கிடைத்ததில்லை. 1939இல் போர் மூண்டது. வண்டிக்கென எழுப்பிய தொழிற்சாலை படைக்கலச் சாலையாயிற்று. போர்க்கைதிகள், பிடிபட்ட நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள், வதைமுகாம்களில் அடைபட்டவர்கள் என ஏறத்தாழ 20,000 பேர் அங்கே கட்டாய உழைப்புக்கு உள்ளாயினர். அதே ஆட்சி, இலட்சக்கணக்கான ரோமா, சிந்தி மக்களைக் கொன்று குவித்தது. தலைமுறை தலைமுறையாக வண்டியில் வாழ்ந்தவர்களின் குடிவழியை அழித்துக்கொண்டே, மற்றவர்களுக்கு வண்டிப் பயணம் தருவதாக வாக்களித்த ஆட்சி அது. மேற்கு ஜெர்மனியின் அரசு அப்படுகொலையை இனப்படுகொலை என்று ஏற்றுக்கொண்டது 1982ஆம் ஆண்டிலேதான். சேமிப்புச் செய்து ஏமாந்தவர்களுக்கோ, நெடிய வழக்குக்குப் பின் 1961இல், புதிய வண்டி வாங்கினால் அதிகபட்சம் 600 மார்க் தள்ளுபடி, இல்லையேல் அதிகபட்சம் 100 மார்க் ரொக்கம் என்று முடிவாயிற்று.

1945இல் போர் முடிந்தது. குண்டுவீச்சால் சிதைந்த அத்தொழிற்சாலை பிரிட்டிஷ் படையின் பொறுப்பில் வந்தது. அதனூர் வொல்ஃப்ஸ்புர்க் என்று புதுப்பெயர் பெற்றது. அங்கே அனுப்பப்பட்ட மேஜர் ஐவன் ஹர்ஸ்ட் என்னும் பொறியாளர், ஆலையை மீண்டும் இயங்கச் செய்து, ஃபோக்ஸ்வாகன் வண்டிகள் வெளிவர வழிவகுத்தார். ஆலைக்குள் பாரங்களைத் தூக்கிச் செல்லப் போதிய இயந்திரங்கள் இல்லை. ஆகவே, காரின் அடிச்சட்டத்தின்மேல் பலகை பரப்பி, பின்புறம் எஞ்சினுக்கு மேலே ஓட்டுநர் அமரும்படி ஒரு தட்டு வண்டியைச் செய்துகொண்டனர். அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தேவை ஒன்றே அதனை ஆக்கியது.

ஆலைக்கு வந்த பென் பான் என்னும் டச்சு வணிகரின் கண்ணில் இந்தத் தட்டு வண்டி பட்டது. 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், அவர் தம் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். பெட்டி போன்ற உருவம், முன்னே ஓட்டுநர், பின்னே எஞ்சின், நடுவே சரக்கு. சின்னஞ்சிறு கோட்டுப் படந்தான். ஆயினும் ஓர் ஊர்தியின் வரலாறே அந்த ஏட்டில் தொடங்கிற்று. 1948இல் தலைமைப் பொறுப்பேற்ற ஹைன்ரிஷ் நோர்ட்ஹாஃப் இதனை உருவாக்க இசைந்தார். காரின் அடிச்சட்டத்தையே கொண்டு செய்த முதல் மாதிரி சுமையைத் தாங்காமல் வளைந்துவிட்டது. அந்தத் தோல்வியிலிருந்து கற்றுக்கொண்டு, வலுவூட்டிய அடிப்பகுதியும் உடற்கூடும் ஒன்றாக இணைந்த புதிய அமைப்பைச் செய்தனர். 1950ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்த வான் வரிசையாக உற்பத்தியாகத் தொடங்கியது.

அதன் அமைப்பைச் சிறிது ஆராய்வோம். எஞ்சினின் ஆற்றல் 25 குதிரைத்திறன். ஏற்றக்கூடிய சுமை சுமார் 750 கிலோ. ஓட்டுநர் முன் அச்சுக்கு மேலே இருக்கிறார். எஞ்சின் பின்புறத்தில் இருக்கிறது. சுமை இரண்டுக்கும் இடையே அமைகிறது. ஆதலால், வண்டி வெறுமையாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் நிலைகுலைவதில்லை. எஞ்சினைக் குளிர்விப்பது காற்று, நீரன்று. மலை ஏறும்போது கொதித்துப் பொங்குவதற்கும், பனிக்காலத்தில் உறைந்து போவதற்கும் அதில் நீர் இல்லை. ஜெர்மனியிலிருந்து இத்தாலிக்குச் செல்வோர் பலர் ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரமுள்ள பிரென்னர் கணவாயைக் கடப்பதுண்டு. அத்தகைய சாலைகளில், மெதுவாகவேனும் தளராமல் ஏறும் வண்டியின் அருமை விளங்கும்.

இது சரக்கு வண்டி. வீடாக மாறியது எப்படி? ஜெர்மனியில் வீடன்ப்ரூக் என்னும் ஊரில் வெஸ்ட்ஃபாலியா என்ற பழைய வண்டித் தொழிற்சாலை இருந்தது. 1951ஆம் ஆண்டில் அவர்கள் இந்த வானுக்கென ஒரு தட்டுமுட்டுத் தொகுதியைச் செய்தனர். அதற்குச் 'முகாம்ப் பெட்டி' என்று பொருள்படும் பெயரிட்டனர். முன் இருக்கைக்குப் பின்னே நிறுத்தும் ஒரு பெட்டி அலமாரி, விரித்தால் படுக்கையாகும் மெத்தைப் பலகை, மடக்கு மேசை, சமைக்கச் சிற்றடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி. இவற்றின் சிறப்பு யாதெனில், இவற்றை வண்டியில் பொருத்தவும் முடியும், கழற்றி எடுத்துவிடவும் முடியும் என்பதே.

இந்த ஒரு குணத்திலேதான் வரலாற்றின் திருப்பம் இருக்கிறது. போருக்குப் பின் ஜெர்மனியில் ஒரு தச்சரோ, ஒரு காய்கறி வணிகரோ, இன்பப் பயணத்துக்கென்று தனியாக ஒரு வண்டி வாங்கும் நிலையில் இல்லை. ஆனால் தொழிலுக்கு ஒரு வண்டி அவருக்குத் தேவைப்பட்டது. வாரம் முழுவதும் பலகையும் மூட்டையும் சுமந்த அதே வண்டி, பெட்டியை உள்ளே ஏற்றியவுடன் குடும்பத்தின் வீடாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் பெட்டி இறங்கும், மூட்டை ஏறும். வாண்டரர் வண்டி ஆண்டு முழுவதும் ஒருவருக்குச் செலவு வைத்தது. இந்த வானோ, தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொண்டது.

இனி, முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். புதிய வண்டியில் எதை ஏற்றுவது? அந்த முகாம்ப் பெட்டியே நமக்கு ஆசிரியனாக அமைகிறது. ஒரு பொருள் ஒரு வேலையை மட்டும் செய்தால் அதற்கு வண்டியில் இடம் அரிது. பகலில் இருக்கை, இரவில் படுக்கை, உள்ளே போர்வை வைக்கும் பெட்டி என மூன்று தொழில் செய்வதே இடம்பெறத் தக்கது.

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பெரியவர் இருவர் 140 கிலோ. சிறுவர் இருவர் 60 கிலோ. தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ. எஞ்சிய ஒரு தட்டையும் ஏற்றுமுன் 240 கிலோ ஆகிவிட்டது. 750 கிலோவில் மிகுதி 510 கிலோ என்று மகிழ்ந்து, வீட்டிலுள்ளவற்றையெல்லாம் ஏற்றினால், 25 குதிரைத்திறன் மேட்டில் திணறும். ஸ்டேபிள்ஸின் குதிரைகள் பட்ட பாட்டை எஞ்சினும் படும். எடையைக் குறைப்பது மட்டும் போதாது. அதனை வைக்கும் இடமும் அறிய வேண்டும். கனமானவை கீழே, இரு அச்சுகளுக்கும் நடுவே இருத்தல் நன்று. உயரத்தில் பாரம் ஏறினால் வளைவுகளில் வண்டி சாயத் தலைப்படும். கட்டாமல் வைத்த பாத்திரம், சட்டென்று வண்டியை நிறுத்தும்போது எறிந்த கல்லைப் போல முன்னே பாயும். நீங்கள் வகுப்பறையில் படித்த நிலைமம் என்னும் விதி, வண்டிக்குள்ளும் தவறாமல் நடக்கிறது.

அடுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மூடிய வண்டிக்குள் எரியும் அடுப்பு உயிர்க்காற்றைக் குறைப்பதோடு, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக் காற்றையும் உண்டாக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். ஆகவே கதவருகே அல்லது வெளியே சமைப்பதும், குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உறங்காதிருப்பதும் இன்றியமையாதவை. நால்வர் உறங்கும் சிறிய அறையில், அவர்கள் மூச்சின் ஈரமே விடியற்காலையில் சன்னல் கண்ணாடியில் நீராய் வழியும். குளிராயினும் ஒரு சன்னல் சிறிது திறந்திருக்க வேண்டும்.

முதற்பயணம் தொலைவாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு அருகில் ஓர் இரவு தங்கி வந்தாலே போதும். எடுக்கப்படாமலே திரும்பி வந்த பொருள்கள் எவை, தேடியும் கிடைக்காத பொருள்கள் எவை என்று இரண்டு பட்டியல்கள் எழுதுக. முதற்பட்டியலில் உள்ளவற்றை இறக்கிவிடுக. இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றுள் இன்றியமையாததை மட்டும் ஏற்றுக. அனுபவம் என்னும் ஆசிரியருக்கு இதைவிடக் குறைந்த ஊதியத்தில் பாடம் சொல்லித்தர இயலாது.

இவ்வாறு வண்டி வந்தது, பெட்டி வந்தது, அடுப்பும் வந்தது. அப்படியானால் குடும்பங்கள் உடனே புறப்பட்டுவிட்டனவா? இல்லை. இன்னும் ஒரு பொருள் குறைவாக இருந்தது. எந்தத் தச்சனாலும் அதைச் செய்து வண்டியில் பொருத்த இயலாது. அதுதான் ஓய்வு நேரம்.

1950களின் தொடக்கத்தில் ஜெர்மன் தொழிலாளர்க்கு வாரத்தில் ஆறு நாள் வேலை. சனிக்கிழமை மாலைவரை உழைத்துக் களைத்தவருக்கு ஞாயிறு ஒருநாள் உறங்குவதற்கே சரியாக இருக்கும். 1956ஆம் ஆண்டு மே நாளன்று, ஜெர்மன் தொழிற்சங்கக் கூட்டமைப்பு ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. அதிலே பேசியது தலைவர் ஒருவர் அன்று, ஒரு சிறுவன். சனிக்கிழமைகளில் தன் தந்தை தனக்கே உரியவர் என்பது அவன் கோரிக்கை. ஐந்து நாள் வேலைவாரத்துக்கான போராட்டத்தை அத்தனை எளிமையாக வேறு எவரும் சொல்லியிருக்க முடியாது. படிப்படியாக வேலை நேரம் குறைந்தது. 1963இல், ஊதியத்தோடு கூடிய குறைந்த அளவு விடுமுறையை ஒவ்வொரு தொழிலாளர்க்கும் உரிமையாக்கும் சட்டம் நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்தது.

இப்போது இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 1938இல் ஓர் ஆட்சி மக்களுக்கு மகிழ்ச்சியை வழங்குவதாகச் சொன்னது, முன்பணத்தையும் பெற்றுக்கொண்டது. அதே ஆட்சி அவர்களுடைய தொழிற்சங்கங்களை 1933லேயே ஒழித்துவிட்டிருந்தது. கேட்கும் உரிமையைப் பறித்துக்கொண்டு கொடுப்பதாகச் சொன்ன வண்டி வரவே இல்லை. பின்னாளில் உரிமை திரும்பியது; சங்கங்கள் திரும்பின; வாதாடிப் பெற்ற ஓய்வும் வந்தது. வண்டிக்கு அப்போதுதான் பயன் உண்டாயிற்று.

அந்த வான் 1956இல் ஹானோவர் நகரத்துப் புதிய ஆலைக்குச் சென்றது. நாடுகள் பலவற்றில் உற்பத்தியாயிற்று. பின்னே காற்றுவழி எஞ்சினோடு பிறந்த அதன் வடிவ மரபு, கால மாறுதல்களை ஏற்று, பிரேசில் நாட்டில் 2013ஆம் ஆண்டுவரை நீடித்தது. அதன் வழியில் தோன்றிய வீட்டு வண்டிகள் இன்று உலகெங்கும் ஓடுகின்றன. குளிர்பெட்டி, சூரிய மின்தகடு எனப் புதிய கருவிகள் பல அவற்றில் ஏறியிருக்கின்றன. ஆனால் கேள்வி மாறவில்லை: எது வேண்டும், எது வேண்டாம்?

மாணவ நண்பர்களே! என்றேனும் ஒருநாள் உங்கள் குடும்பத்தோடு நெடுவழி செல்ல நீங்கள் வண்டியில் பொருள்களை அடுக்கும்போது, அடுப்பையும் படுக்கையையும் எண்ணிப் பார்ப்பீர்கள். அவற்றோடு, கண்ணுக்குப் புலப்படாத இரண்டையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று, விரும்பிய இடத்துக்கு அச்சமின்றிச் செல்லும் உரிமை. ரோமா மக்களுக்கு அது மறுக்கப்பட்டது. மற்றொன்று, உழைப்பின் நடுவே கிடைக்கும் ஓய்வு. அது மனமுவந்து எவரும் கொடுத்த கொடை அன்று, கேட்டுப் பெற்றது. இவ்விரண்டுக்கும் எடை இல்லை; இடமும் வேண்டா. ஆனால் இவை இன்றி எந்த வண்டியும் வீட்டு வாசலைக் கடப்பதில்லை.